நம் நகரின் தெருக்கள் – ஒரு வரலாற்று நோக்கு



பொன்விழா மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறு, பணியாற்றிய தந்தையரின் வரிசை, வாரி வழங்கிய வள்ளல்களின் பெயர்கள் ஆகியவை இடம்பெறுவது மரபு. அவை யாவும் இம்மலரின் பிற பக்கங்களில் முறையாக அச்சேறியுள்ளன. நாம் இங்கு எழுதப் புகுந்தது ஆலயத்தைப் பற்றியன்று. ஆலயத்திற்கு நம்மைக் கொண்டுவந்து சேர்க்கும் தெருக்களைப் பற்றி. பங்குத் தந்தைக்கும் தெருவுக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வியக்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற திருவிழாவின்போது அன்னையின் தேர் முன்வாசல் வழியே புறப்பட்டு, கடைத்தெருவைக் கடந்து, மூன்றாம் தெருவின் முனைவரை சென்று, போன வழியே திரும்பி வந்தது. தேர் நிலைக்கு வந்ததும் பங்கின் முதியவர் ஒருவர் நம்மை அணுகினார். "சாமி, அந்தக் காலத்தில மாதா நாலு தெருவும் சுற்றிப் பின்வாசல் வழியா உள்ளே வருவாங்க. இப்போ போன வழியே திரும்பி வர்றாங்க. ஏன் சாமி இப்படி?" என்று கேட்டார். மூன்றாம் தெரு இப்போது ஒரு மதிலில் போய் முட்டுகிறது, அதனால்தான் என்று விடை கூறி அனுப்பினோம். ஆயினும் அக்கேள்வி நம் மனத்தைவிட்டு அகலவில்லை. தெருக்கள் ஏன் இப்படி அடைபடுகின்றன? இது நம் பகுதிக்கு மட்டும் நேர்ந்ததா? இவற்றைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

வீடு அழியும், தெரு நிலைக்கும்

திருத்தூதர் பணிகள் நூலின் 9ஆம் அதிகாரம் நாம் யாவரும் அறிந்ததே. தமஸ்கு நகரில் பார்வையிழந்து கிடந்த சவுலிடம் செல்லுமாறு ஆண்டவர் அனனியாவைப் பணிக்கிறார். பணிக்கும்போது வீட்டுக்காரர் யூதாவின் பெயரை மட்டுமன்றி, தெருவின் பெயரையும் சொல்லி அனுப்புகிறார். அது நேர்த்தெரு எனப்பட்டது. யூதாவின் வீடு எங்கே என்று இன்று உறுதியாகக் காட்ட ஒருவராலும் இயலாது. ஆனால் அந்தத் தெரு இன்றும் உள்ளது. பழைய தமஸ்கு நகரின் குறுக்கே, மேற்கிலிருந்து கீழ்வாசல்வரை, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்திற்கு அது கடைத்தெருவாக விளங்குகிறது. உரோமையரும் பைசாந்தியரும் அரேபியரும் துருக்கியரும் மாறி மாறி ஆண்டனர். கட்டடங்கள் எத்தனையோ முறை இடிந்து எழுந்தன. தெரு மட்டும் இடம் மாறவில்லை.

இதற்குக் காரணம் எளியது. ஒரு வீட்டை இடித்துக் கட்ட ஒருவருடைய சம்மதம் போதும். ஒரு தெருவை மாற்ற வேண்டுமானால் அதன் இருபுறமும் வாழும் நூறு பேருடைய பத்திரங்களையும், வாசல்களையும், கால்வாய்களையும் மாற்றியாக வேண்டும். ஆகையால் முதன்முதலில் எவரோ ஒருவர் கயிறு பிடித்துப் போட்ட கோடு, நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மக்களின் நடையை நிர்ணயிக்கிறது. திறந்து போட்ட தெரு பெரும்பாலும் திறந்தே நிற்கும். அடைத்துப் போட்ட தெரு அடைபட்டே கிடக்கும்.

வலையும் மரமும்

நகரங்களை ஆராய்வோர் தெருக்களின் இணைப்பை அளக்க ஓர் எளிய வழி வைத்துள்ளனர். ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை வழிகள் கூடுகின்றன என்று எண்ணுவது அது. நான்கு வழிகள் கூடினால் நாற்சந்தி. மூன்று கூடினால் முச்சந்தி. ஒரே வழிதான் என்றால் முட்டுச்சந்து. நாற்சந்திகள் மிகுந்த ஊரில் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குப் பல வழிகளில் செல்லலாம். முட்டுச்சந்துகள் மிகுந்த ஊரில் ஒரே வழிதான் உண்டு, அதுவும் சுற்றுவழி.

இதை நம் கடற்கரைச் சகோதரர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், முன்னது மீன்வலை போன்றது. பின்னது மரம் போன்றது. வலையில் ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்கு நேரே போகலாம். ஓரிழை அறுந்தாலும் மற்ற இழைகள் தாங்கும். மரத்திலோ ஒரு கிளையின் நுனியிலிருந்து அடுத்த கிளையின் நுனிக்குப் போக, அடிமரம்வரை இறங்கி மீண்டும் ஏற வேண்டும். நகரத்தில் அடிமரம் என்பது நெடுஞ்சாலை. முட்டுச்சந்துகள் பெருகப் பெருக, அடுத்த தெருவுக்குப் போகிறவர்களும் நெடுஞ்சாலைக்கு வந்துதான் போக வேண்டியுள்ளது. மாலை வேளைகளில் பெருஞ்சாலைகள் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சாலையை அகலப்படுத்துவதால் மட்டும் இந்நெரிசல் தீர்ந்துவிடாது.

முதியவரின் கேள்வியையே நாம் அளவுகோலாகக் கொள்ளலாம். ஓர் ஊரில் தேர் சுற்றி வர முடிந்தால் அங்கே தெருக்கள் பின்னிப் பிணைந்துள்ளன. தேர் போன வழியே திரும்ப நேர்ந்தால் அங்கே ஏதோ அறுந்திருக்கிறது. இந்த அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு நம் சென்னை மாநகரின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

மாட வீதியும் கோட்டையும்

சென்னை ஓர் ஊராகப் பிறந்ததன்று. பல ஊர்கள் சேர்ந்து ஒன்றானது. அவற்றுள் மிகப் பழையனவற்றில் ஒன்று மயிலை. கபாலீசுவரர் கோயிலையும் குளத்தையும் சூழ்ந்த நான்கு மாட வீதிகளும் தேர் வலம் வருவதற்கென்றே அமைந்தவை. பங்குனி மாத விழாவின்போது அவ்வீதிகளில் இலட்சக்கணக்கானோர் கூடுவதை நாம் கண்டிருக்கிறோம். அண்மையில் கடலோரத்தில், நம் திருத்தூதர் தோமாவின் கல்லறையைச் சுற்றிப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் சாந்தோம் நகரை அமைத்தனர். மயிலைக்கு மேற்கே உள்ள பிரகாச மாதா ஆலயத்தில் 1516ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. அவ்வாலயத்திற்கு மக்கள் இட்ட பெயர் காட்டுக் கோயில். ஒரு காலத்தில் அது மரங்களடர்ந்த காட்டினுள் நின்றது. இன்று அது நகரின் நடுவில் நிற்கிறது. நகரம் எவ்வளவு தூரம் பரந்துவிட்டது என்பதற்கு அந்தப் பெயர் ஒன்றே சான்று.

1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் ஆங்கிலக் கம்பெனியார் கடற்கரை மணல்வெளியில் ஒரு துண்டு நிலத்தைப் பெற்றனர். அடுத்த ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியது. கோட்டைக்கு வடக்கே நெசவாளரும் வணிகரும் குடியேறிய பகுதியை ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்றனர். நகராட்சி மன்றம் 1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், அதிதூதர் மிக்கேலின் திருநாளன்று தொடங்கப்பெற்றது.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749இல் அது ஆங்கிலேயருக்கே திரும்பக் கிடைத்தது. இந்தப் போர்க்காலத்தில் பழைய கறுப்பர் நகரம் அழிந்தது. கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் பகைவருக்கு மறைவிடமாகும் எனக் கருதி, இடித்த இடத்தை ஆங்கிலேயர் வெட்டவெளியாகவே விட்டனர். பிற்காலத்தில், 1892இல், உயர் நீதிமன்றக் கட்டடம் அவ்விடத்தில் எழுந்தது. மக்கள் இன்னும் வடக்கே, முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் குடியேறினர். இதுவே இன்றைய ஜார்ஜ் டவுன்.

அங்கே தெருக்களைக் கவனியுங்கள். தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, தங்கசாலைத் தெரு ஆகிய யாவும் வடக்குத் தெற்காக நீண்டு செல்கின்றன. அவற்றைக் குறுக்குத் தெருக்கள் அடுத்தடுத்து வெட்டுகின்றன. ஆர்மீனியர் வாழ்ந்த தெருவை நம் மக்கள் அரண்மனைக்காரன் தெரு என்று அழைத்தனர். அங்குள்ள நம் தூய மரியன்னை இணைப் பேராலயத்தை மக்கள் அந்தோனியார் கோயில் என்றே அறிவர். செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே கூடும் கூட்டம் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து, எல்லாத் திசைகளிலும் கலைந்து செல்கிறது. தெருக்கள் குறுகியவைதாம், நெரிசலும் மிகுதிதான். ஆயினும் ஒரு தெருவை அடைத்தாலும் மறு தெருவில் போகலாம். அது வலை.

அந்நகருக்கு மதிலும் இருந்தது. 1767இல் ஐதர் அலியின் குதிரைப்படை நகரின் எல்லைவரை வந்து மிரட்டியதை அடுத்து வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினர். அம்மதிலுக்கென வரி விதிக்க எண்ணியதால் எழுந்த பெயரே வால்டாக்ஸ் ரோடு. மதிலில் ஒரு சிறு பகுதி மட்டும் பழைய சிறைச்சாலை ரோட்டில் மாடிப் பூங்காவாக எஞ்சியுள்ளது. மற்றவை மறைந்தன. மதிலை ஒட்டிச் சென்ற தெருவோ இன்றும் வண்டிகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.

தோட்ட வீடுகளும் ஒரு பாலமும்

18ஆம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகளும் வணிகர்களும் கோட்டையின் நெருக்கத்தை விட்டு மேற்கிலும் தெற்கிலும் சென்று பெரிய தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டனர். நுங்கம்பாக்கம், எழும்பூர், கீழ்ப்பாக்கம், ஆழ்வார்ப்பேட்டை ஆகிய ஊர்களின் நிலங்கள் பல ஏக்கர் பரப்புள்ள காம்பவுண்டுகள் ஆயின. கோட்டையிலிருந்து பரங்கிமலைவரை மவுண்ட் ரோடு நீண்டது. நகரம் இவ்வாறு கால் நீட்டிப் பரந்ததால், 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,09,346 மக்களே வாழ்ந்த சென்னை, ஏறத்தாழ 27 சதுர மைல் பரப்பில் விரிந்து கிடந்தது. பின்னர் அத்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, உள்ளே செல்ல ஒவ்வொன்றிற்கும் ஒரு சந்து விடப்பட்டது. இன்றும் "கார்டன்" என முடியும் தெருப்பெயர்கள் பல அவ்விடங்களில் உண்டு. அவற்றுள் சில உள்ளே சென்று முடிந்துவிடுகின்றன. நகரம் பரவுவதும் தெருக்கள் துண்டிக்கப்படுவதும் நம் நாளில் மட்டும் தோன்றியவை அல்ல என்பது இதனால் விளங்கும்.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த வேறொருவரையும் நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் சென்னையில் பெரும்பொருள் ஈட்டியவர். பரங்கிமலைக்குச் செல்லும் திருப்பயணிகள் அடையாற்றைக் கடக்கப் பட்ட பாட்டைக் கண்டு, 1726இல் சைதாப்பேட்டையில் தம் சொந்தச் செலவில் ஒரு பாலம் கட்டினார். மாம்பலம் என்ற பெயரே திரிந்து மர்மலாங் பாலம் என வழங்கிற்று. மலையேறப் படிகளும் அவர் அமைத்தவையே. பாலத்தைப் பழுதுபார்க்கவும் பொருள் ஒதுக்கிவைத்தார். பழைய பாலத்தின் இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் உள்ளது. தென்சென்னையிலிருந்து நகருக்குச் செல்லும் நாம் யாவரும், பெயர் அறியாமலே, அவர் திறந்த வழியில்தான் போய்வருகிறோம். உஸ்கான் தமக்கு ஒரு மாளிகையை மட்டும் கட்டியிருந்தால் அவரை யார் நினைப்பார்கள்?

ஏரி நகரான கதை

1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது; 1953வரை ஓடிற்று. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார இரயில் வந்தது. தொலைவில் குடியிருந்து நகரில் வேலை பார்க்கலாம் என்ற நிலை ஏற்பட்டதும் நகரம் அப்பாதைகளின் ஓரமாகவே வளர்ந்தது.

1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, மாம்பலத்தில் இருந்த நெடிய ஏரியை வடித்து தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. பனகல் பூங்காவை மையமாக வைத்து, அதிலிருந்து சாலைகள் பல திசைகளிலும் கிளம்ப, அவற்றை மற்றச் சாலைகள் இணைக்குமாறு முதலில் தெருக்களை வரைந்தனர். பிறகே மனைகளை விற்றனர். ஏரியை இழந்ததற்கு நகரம் பின்னர் விலை கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரையின் நினைவாக லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. ஆனால் தெருக்களைப் பொறுத்தவரை அத்திட்டம் தீர்க்கதரிசனமுடையது. குடியிருப்பாகத் தொடங்கிய அவ்வூர் மாபெரும் கடைவீதியாக மாறியபோதும் அந்தத் தெருக்களே தாங்கின.

நாடு விடுதலை பெற்றபின் அமைந்த அடையாறு காந்தி நகர், வீட்டு வசதி வாரியம் அமைத்த பெசன்ட் நகர், 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி வளர்ந்த அண்ணா நகர் ஆகியவற்றிலும் இம்முறையே பின்பற்றப்பட்டது. அவென்யூக்களும் குறுக்குத் தெருக்களும் வரிசையாக அமைந்தன. பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தின் திருவிழாவுக்கு எத்தனையோ ஆயிரம் பேர் கால்நடையாக வந்து சேர்வதும், அங்கே தேர் வலம் வருவதும் இத்தெருக்களால்தான் எளிதாகின்றன.

வரப்பு மதிலான காலம்

நம் பங்கு தோன்றிய ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே நெல்வயல்கள் இருந்தன என்பதை மூத்தோர் அறிவர். அதன்பின் நிகழ்ந்ததை அவர்களே கண்ணாரக் கண்டனர். மூன்று ஏக்கர் வயலை உடைய ஒருவர் அதை மனைகளாகப் பிரித்து விற்பார். நெடுஞ்சாலையிலிருந்து வயலின் நடுவே ஒரு தெருவைப் போட்டு, இருபுறமும் மனைகளை அளந்து கல் நடுவார். தெரு வயலின் கடைசி வரப்போடு நின்றுவிடும். சில ஆண்டுகள் கழித்து அடுத்த வயல்காரர் விற்பார். அவருடைய தெரு மறுபக்கத்துச் சாலையிலிருந்து வந்து அதே வரப்பில் நிற்கும். இரண்டு தெருக்களின் முனைகளுக்கிடையே இருபது அடிகூட இருக்காது. ஆனால் அந்த இருபது அடி எவருடைய பொறுப்பும் அன்று. முதலில் முள்வேலி, பின்னர் செங்கல் மதில் என வரப்பு நிலையான தடையாயிற்று.

அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளும் இவ்வாறே பெருகின. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் வகுத்தது. மனைகளுக்கு உரிமை கிடைத்தது. ஆனால் கட்டிமுடித்த வீடுகளுக்கு நடுவே புதிதாகத் தெரு போட எந்த விதியாலும் எளிதில் இயலாது.

இதற்கிடையே நகரின் எல்லைகளும் விரிந்தன. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022இல் அரசு ஆணை பிறப்பித்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்களைத் தொடர்ந்து உயர்ந்த மதில்களும் காவல் வாசல்களும் கொண்ட பெருங்குடியிருப்புகள் எழுந்தன. அச்சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. அதைக் கடக்கும் பாலங்களோ சிலவே. எதிர்க்கரையில் தெரியும் வீட்டிற்குச் செல்லப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டியவர்கள் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி மறைந்து, எஞ்சிய பகுதி 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நீர் போக வழியின்றித் தேங்கியதையும், ஒரே வாயிலுடைய தெருக்களில் வாயில் மூழ்கியதும் மக்கள் உள்ளே அகப்பட்டதையும் நாம் மறக்கவில்லை.

உலகெங்கும் இதே கதை

இது நம் நகரின் குறை மட்டுமன்று. பாரிங்டன்-லீ, மில்லார்டு-பால் என்னும் இரு ஆய்வாளர்கள் உலகின் தெருக்களையெல்லாம் வரைபடங்களில் கணக்கிட்டு 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 விழுக்காட்டு நாடுகளில், 1975க்குப் பின் அமைந்த புதிய தெருக்கள் பழையவற்றைவிட இணைப்புக் குறைந்தவை என்று கண்டனர். தொடக்கத்தில் எவ்வாறு தெருக்கள் போடப்பட்டனவோ அவ்வழக்கமே பின்னும் தொடர்கிறது என்றும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

முட்டுச்சந்தை விரும்புவோரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வண்டிகள் விரைந்து ஓடாத தெருவில் பிள்ளைகள் அச்சமின்றி விளையாடலாம். 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்ற ஊரை அமைத்த கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் ஆகியோர் இந்நோக்கத்துடனேயே முட்டுச்சந்துகளை வகுத்தனர். ஆனால் அவர்கள் வீடுகளின் பின்புறம் பூங்காக்கள் வழியே நடைபாதைகளையும் சேர்த்தே அமைத்தனர். வண்டிக்கு வழி முடிந்தாலும் மனிதனுக்கு வழி முடியவில்லை. பின்வந்தவர்கள் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டனர். அங்கேதான் தவறு நேர்ந்தது.

இதற்கு மாறாக, ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பு 1573இல் பிறப்பித்த ஆணைகள் புதிய ஊர்களில் முதலில் பொதுச் சதுக்கத்தையும், அதிலிருந்து நேராகச் செல்லும் தெருக்களையும் அமைக்க வேண்டுமென விதித்தன. ஆலயத்துக்கும் அவ்வணைகளிலேயே இடம் குறிக்கப்பட்டது. அந்த ஆட்சியின் கொடுமைகளை நாம் போற்றவில்லை. ஆனால் இலத்தீன் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சதுரங்கப் பலகை போன்ற தெருக்கள் இன்றும் மக்களை ஒருவரோடொருவர் சேர்த்து வைத்துள்ளன.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. அமெரிக்காவில் துண்டிக்கப்பட்ட தெருக்களின் போக்கு 1990களின் நடுப்பகுதியில் உச்சத்தை எட்டி, அதன்பின் குறையத் தொடங்கியதாக அதே ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்தனர். மனிதர் மனம் வைத்தால் போக்கு மாறும்.

நம் வாசல்

இனி நம் பங்கிற்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, நோயுற்ற பெரியவர் ஒருவருக்கு நோயில்பூசுதல் வழங்க அழைப்பு வந்தது. அவருடைய வீட்டு விளக்கு பங்கு இல்லத்தின் மாடியிலிருந்து தெரிந்தது. நடுவில் ஒரு மதில். நாம் வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குச் சென்று, திரும்பும் இடம் தேடி, குடியிருப்பின் காவல் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்து, உள்ளே சென்றடைந்தபோது அவர் உயிர் பிரிந்திருந்தது. குடும்பத்தாரோடு செபித்துவிட்டுத் திரும்பினோம். யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. காவலாளி தம் கடமையைச் செய்தார். மதில் கட்டியவர்களும் தம் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதியே கட்டினர்.

மேலும், குறை கூற நமக்குத் தகுதியும் இல்லை. நம் சமுதாயக் கூடம் நிற்கும் இடத்தில் முன்பு ஒரு வண்டிப்பாதை இருந்தது. பத்திரப்படி அது ஆலய நிலமே. ஆயினும் ஊர் மக்கள் பல ஆண்டுகள் அதன் வழியே நடந்தனர். கூடம் எழுந்தபோது பாதை அடைபட்டது. தேர் சுற்றி வந்த நான்கு தெருக்களில் ஒன்றை அடைத்தவர்கள் நாமே. பின்வாசல் என்று ஒரு நாலடி வழி மட்டும் எஞ்சியது.

இப்போது அந்தப் பின்வாசலையும் மூடிவிட வேண்டும் என்ற கோரிக்கை பங்குப் பேரவையின்முன் உள்ளது. அவ்வழியே வந்தவர்கள் குழாயைக் கழற்றிச் சென்றனர், மிதிவண்டி ஒன்று காணாமற்போயிற்று, இரவில் சிலர் கெபியருகே அமர்ந்து மது அருந்தினர் என்பவை உண்மையான முறையீடுகள். கோரிக்கை வைத்தோர் ஆலயத்தின்மீது பற்றுடையவர்கள். நாம் அவர்களை மதிக்கிறோம்.

ஆனால் அவ்வாசலை யார் பயன்படுத்துகிறார்கள் என்று நாம் ஒரு வாரம் கவனித்தோம். விடியற்காலையில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், பேருந்து நிறுத்தத்திற்கு விரைவோர், ஊன்றுகோலோடு நாள் திருப்பலிக்கு வரும் பாட்டிமார் எனப் பலர் வருகின்றனர். பாதிக்கு மேற்பட்டோர் நம் மறையைச் சேராதவர்கள். போகிற போக்கில் கெபியின்முன் ஒரு நொடி நின்று கும்பிட்டுச் செல்கிறார்கள். வாசலை மூடினால் அவர்கள் நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் நடப்பார்கள். பாட்டிமார் வருவதையே நிறுத்திக்கொள்வார்கள். குழாய் போனால் வேறொன்று வாங்கலாம். ஒருமுறை மூடிய வழி மீண்டும் திறப்பது அரிது என்பதை மேலே கண்ட வரலாறு முழுவதும் கூறுகிறது.

ஆகவே பொன்விழாவை ஒட்டி நாம் பேரவையின்முன் வைக்கும் விண்ணப்பம் இது. பின்வாசல் காலை முதல் மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கட்டும். அங்கே ஒரு நல்ல விளக்கு போடுவோம். இரவில் பூட்டிக் காவலுக்கு ஒருவரை அமர்த்துவோம். அதற்கு ஆகும் செலவை விழா அலங்காரச் செலவிலிருந்து குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்த குடியிருப்பில் வாழும் நம் பங்கு மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசி, மூன்றாம் தெருவின் முனையில் உள்ள மதிலில் ஒரு திட்டிவாசல் வைக்க இயலுமா என்று கேட்டுப்பாருங்கள். சாவி உங்கள் காவலாளியிடமே இருக்கட்டும். ஞாயிறு காலையிலும், நோயாளிக்கு நற்கருணை கொண்டுவரும் வேளையிலும், திருவிழா நாளிலும் திறந்தால் போதும். தேர் நுழைய முடியாவிட்டாலும், தேரிலிருந்து அன்னையின் சுரூபத்தை இறக்கித் தோளில் சுமந்து நாம் அவ்வழியே வரலாம்.

அடுத்த திருவிழாவில் அந்தப் பெரியவர் நம்மிடம் வேறொரு கேள்வி கேட்க வேண்டும் என்பதே நம் ஆசை. இறைமக்கள் யாவருக்கும் பொன்விழா வாழ்த்துகளும் ஆசீரும் உரித்தாகுக.

இயேசுவின் அன்பில்,
உங்கள் பங்குத் தந்தை